பழைய காரில் திடீரென்று பிரேக் போனால் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிரேக் பிடிக்கவில்லை என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், விவரம் தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்: "பெடல் எப்படிப் போச்சு?" ஒரேயடியாக அடியில் போய் முட்டியதா? காலை வைத்தபடி இருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கியதா? பஞ்சை மிதிப்பது போல இருந்ததா? இல்லை, இறுகிப்போய் உள்ளே போகவே மறுத்ததா? பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெடல் போனதும், பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுகிறார்கள். சரியாகவில்லை என்றதும், கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டரை மாற்றுகிறார்கள். கடைசியில் பார்த்தால் பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்திருக்கும். அந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்குத்தான் இந்த வழிமுறை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது வரை யாரும் செய்யலாம். கழற்றிப் பூட்டுவதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அந்த வேலையைக் கை பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

ஓடும்போதே போனால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை அடித்து மிதியுங்கள். பல நேரம் கொஞ்சமாவது பிரேக் திரும்பக் கிடைக்கும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் லீவரின் பட்டனை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் பவர் ஸ்டியரிங்கும் பூஸ்டரும் போய்விடும். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

பெடல் உள்ளே போகவே இல்லை என்றால் முதலில் அதன் அடியில் பாருங்கள். உருண்டு வந்த தண்ணீர் பாட்டிலோ நகர்ந்து வந்த மிதியடியோ பெடலைத் தடுத்திருக்கலாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நடப்பதுதான்.

வண்டி நின்ற பிறகு, "பம்ப் பண்ணினால் பிடிக்கிறதே, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்" என்று தோன்றும். வேண்டாம். அடித்து மிதித்தால் பிடிக்கிறது என்பது, அடுத்த முறை பிடிக்காமல் போகலாம் என்பதற்கான அடையாளம். இழுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்.

அமைப்பு இவ்வளவுதான்

பெடலை மிதித்தால் அதன் தண்டு பூஸ்டர் வழியாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அந்த அழுத்தம் இரும்புக் குழாய்களிலும், சக்கரத்துக்கு அருகில் ரப்பர் ஹோஸ்களிலும் இருக்கும் பிரேக் ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகும். டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) உள்ள சக்கரத்தில் காலிப்பர் என்ற கவ்வி, பேட் என்ற உரசும் கட்டையை அந்தத் தட்டின் மேல் அழுத்தும். டிரம் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற பகுதி) உள்ள சக்கரத்தில் வீல் சிலிண்டர், ஷூ என்ற வளைந்த உரசும் கட்டையை டிரம்மின் உள்சுவரில் உரசும்படி விரிக்கும். ஹேண்ட் பிரேக்குக்கு ஆயிலோடு சம்பந்தம் இல்லை, பழைய கார்களில் அது கேபிளில்தான் வேலை செய்கிறது.

1960களின் கடைசிக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் இருக்கும். ஆயில் பாதையும் இரண்டாகப் பிரிந்திருக்கும். சில கார்களில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. சிலவற்றில் குறுக்காக, அதாவது ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரமும் சேர்ந்து ஒரு பாதை. ஒரு பாதை உடைந்தாலும் மற்றது நிற்கும். அப்போது பெடல் மிகவும் கீழே போய்க் கடைசியில் பிடிக்கும், வண்டி நிற்க வெகுதூரம் ஆகும். அதற்கும் முந்தைய கார்களில் பலவற்றில் ஒரே பாதைதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. உங்கள் கார் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

காலால் சோதிப்பது

கார் சமதளத்தில் நிற்கட்டும். சக்கரங்களுக்கு அணை வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும்.

பெடலை நான்கைந்து முறை மிதித்து விடுங்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் (அதற்குப் பலம் தரும் வெற்றிடம்) தீர்ந்துவிடும். இனி கால் உணர்வதெல்லாம் ஆயிலின் அழுத்தத்தைத்தான். பழைய காரில் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு: பெடலை அடிவரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போய்வரும் பகுதி வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டி, பல வருடங்களாகப் பிஸ்டன் எட்டாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். அடிவரை மிதித்தால் ரப்பர் வாஷர்கள் அந்தக் கரடுமுரடில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர், சோதனை செய்ததாலேயே கெட்டுப்போவது இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

இப்போது பெடலை மிதித்துப் பார்த்து, கீழே உள்ளவற்றில் எது ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

*எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போகிறது, திரும்பியும் வரவில்லை.* பெடலையும் தண்டையும் இணைக்கும் சிறு ஆணி (pin) கழன்றிருக்கலாம். டார்ச் அடித்துப் பெடலின் மேல்பகுதியைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. அங்கே சரியாக இருந்தால் ஆயில் முழுவதும் போயிருக்கிறது.

*முதல் மிதியில் கீழே போகிறது, இரண்டாம் மூன்றாம் மிதியில் மேலே வந்து கெட்டியாகிறது.* பின்பக்கம் டிரம் என்றால், ஷூ தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கலாம். தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருக்கும். இதற்கு ஓர் எளிய சோதனை: ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டு மிதியுங்கள். பெடல் சட்டென்று உயரத்திலேயே பிடித்தால் குறை பின் ஷூ அட்ஜஸ்ட்மென்டில்தான். மாற்றமே இல்லை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். வீல் பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலும் இதே அறிகுறி வரும்: டிஸ்க் ஆடி ஆடிப் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால் முதல் மிதி வீணாகிறது.

*பஞ்சு போல அமுங்குகிறது.* குழாய்க்குள் ஏர் புகுந்திருக்கிறது. ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். ஆனால் ஏர் தானாக வராது. ஆயில் மட்டம் மிகவும் இறங்கியிருக்க வேண்டும், அல்லது சமீபத்தில் யாராவது பிரேக் வேலை பார்த்திருக்க வேண்டும். முன் காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் ஏர் எடுக்கும் நிப்பிள் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) கீழ்ப்பக்கம் வந்துவிடும். எவ்வளவு ஏர் எடுத்தாலும் மேலே தங்கிய காற்று வெளியே வராது. வேலை முடிந்த மறுநாளே பெடல் பஞ்சானால் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் ஹோஸ் பழசாகி, மிதிக்கும்போது உப்பினாலும் பெடல் இப்படித்தான் இருக்கும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் காலை வைத்தபடியே இருந்தால் மெல்ல இறங்குகிறது.* எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் வாஷரைத் தாண்டித் திரும்பி வருகிறது. இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

*பெடல் இறுகியிருக்கிறது, முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கிறது.* ஆயில் பக்கம் பெரும்பாலும் சரி. பூஸ்டரையும் அதன் வேக்கம் ஹோஸையும் பாருங்கள்.

ஆயில் எங்கே போனது?

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்தால் உடனே ஒழுகுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் மட்டம் தானாக இறங்கும். பல மாதங்களில் கொஞ்சமாக இறங்கினால் அது தேய்மானம். போன வாரம் நிரப்பியது இந்த வாரம் இல்லை என்றால் ஒழுக்கு. பேட் தேய்ந்த காரில் மேல்கோடு வரை ஊற்றி வைத்தால், புதுப் பேட் போடும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டப்பா காலியாக இருந்தால் ஆயிலை ஊற்றிவிட்டு, காரின் அடியில் வெள்ளைத் தாளையோ அட்டையையோ விரியுங்கள். உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லுங்கள், மரத்துண்டு பெடலுக்கு அடியிலேயே இருக்கட்டும். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

பின்சக்கரங்களின் உள்பக்கம் முதலில். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடும் டயரின் உள்பக்கச் சுவரும் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் மூடியின் விளிம்பை லேசாகத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிலிண்டரில் அங்கே ஈரக்கசிவு மட்டும் இருக்கலாம். ஆயில் தேங்கிச் சொட்டினால் உள்ளே வாஷர் போய்விட்டது. ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனர் தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

அடுத்து இரும்புக் குழாய்கள். அவை துருப்பிடித்து ஓட்டையாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடம், பின் ஆக்சிலுக்கு மேலே, சேறு தேங்கும் மூலை ஆகியவைதான் அதற்குத் தோதான இடங்கள். கிளிப்பை ஒட்டிக் கறுத்து ஈரமாக இருக்கிறதா பாருங்கள். துரு உப்பியிருக்கும் குழாயைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம். மாற்ற வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஹோஸை விரலால் மடக்கினால் வெடிப்பு தெரிகிறதா, காலிப்பரில் ஹோஸ் சேரும் போல்ட்டின் செம்பு வாஷரைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாம் காய்ந்திருக்கிறது, தாளிலும் ஒரு சொட்டு இல்லை, ஆனால் ஆயில் மட்டும் குறைகிறது. புதியவர்களைச் சுற்றவிடும் கட்டம் இதுதான். மாஸ்டர் சிலிண்டரின் பின்முனை வாஷர் போனால் ஆயில் நேராகப் பூஸ்டருக்குள் இறங்கிவிடும், வெளியே சுவடே இருக்காது. சில நேரம் எஞ்சின் அதை வேக்கம் ஹோஸ் வழியாக உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும். அதைப் பார்த்துவிட்டு எஞ்சின் வேலை என்று கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கழற்றி, குழாய்களை வளைக்காமல் ஒரு விரல் அளவு முன்னே நகர்த்திப் பாருங்கள். பின்முனை ஈரமாக இருந்தால் விஷயம் முடிந்தது. பூஸ்டர் இல்லாத காரில் இதே ஒழுக்கு பெடல் தண்டு வழியாகக் காருக்குள் இறங்கி மிதியடியை நனைக்கும்.

ஒழுக்கே இல்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது

ஆயில் மட்டம் குறையவில்லை, எங்கும் ஈரம் இல்லை, பெடல் மட்டும் இறங்குகிறது என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல் விழும். உறுதி செய்ய, எஞ்சினை அணைத்து, வேக்கத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை ஒரு நிமிடம் சீராக அழுத்திப் பிடியுங்கள். பலமாக அழுத்த வேண்டாம், லேசாக அழுத்துங்கள். உள்ளே இருக்கும் வாஷரின் உதடு அதிக அழுத்தத்தில் சுவரோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். லேசான அழுத்தத்தில்தான் ஆயில் நழுவும். அவசரமாக அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும் கார், சிக்னலில் லேசாகக் கால் வைத்து நிற்கும்போது முன்னே ஊர்வது இதனால்தான்.

இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாய்களைக் கழற்றிவிட்டு அந்தத் துளைகளை அதே மரையுள்ள பிளக்கால் அடைத்து, ஏர் எடுத்துவிட்டு மிதிப்பார்கள். பெடல் உயரத்திலேயே அசையாமல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நல்லது, குறை அதற்கு அப்பால். அப்போதும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர்தான். இதற்குப் பதிலாக ஹோஸ்களைக் கிளாம்ப் போட்டு நசுக்கிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. வழவழப்பான முனையுள்ள அதற்கென்ற கிளாம்ப் இருந்தால், ஹோஸும் புதிதாக இருந்தால் சரி. பழைய ஹோஸைப் பிளையரால் நசுக்கினால் உள்சுவர் கிழிந்து இன்னொரு கோளாறு கூடும்.

மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் போடலாமா (உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்களை மட்டும் மாற்றுவது), முழுசாக மாற்றுவதா? உள்சுவரில் விரல் நகம் வைத்து இழுக்கும்போது எங்கும் தடுக்கவில்லை என்றால் கிட் போதும். குழி இருந்தால் புதிய வாஷரும் சில நாளில் கிழியும். என்னைக் கேட்டால், பழைய காரில் முழுசாக மாற்றிவிடுவதே மேல்.

பெடல் இறுகினால் பூஸ்டர்

1. எஞ்சின் அணைந்த நிலையில், பெடல் கெட்டியாகும் வரை மிதித்து விடுங்கள்.
2. காலை அழுத்தியபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் வரவில்லை, அல்லது பூஸ்டர் வேலை செய்யவில்லை.
3. ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, பெடலை மிதித்துப் பிடித்தபடி எஞ்சினை அணையுங்கள். 30 விநாடிக்குப் பெடல் அதே இடத்தில் நிற்க வேண்டும். காலைத் தூக்கித் தள்ளினால் வேக்கம் கசிகிறது.

பூஸ்டரைக் குறை சொல்வதற்கு முன்பு, எஞ்சினிலிருந்து அதற்கு வரும் தடித்த ஹோஸைப் பாருங்கள். வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம். அதில் இருக்கும் ஒருவழி வால்வைக் கழற்றி இரண்டு பக்கமும் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். டீசல் கார் என்றால் வேக்கம் தருவது தனிப் பம்ப், அதையும் பாருங்கள். மிதிக்கும்போதெல்லாம் பெடல் பக்கம் "உஸ்" என்று சத்தம் நீடித்தால் பூஸ்டரின் உள் சவ்வு கிழிந்திருக்கிறது.

சூட்டில் போய், ஆறியதும் திரும்பும் பிரேக்

நீண்ட இறக்கத்தில் பிரேக் போகிறது. அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடக்காதது போல மீண்டும் பிடிக்கிறது. மெக்கானிக்கிடம் போகும்போது கோளாறே இருக்காது. இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றுபோலத் தோன்றும். பெடல் உயரத்தில் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகிய நாற்றம் வருகிறது என்றால் பேடும் ஷூவும் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கின்றன. பெடலே அமுங்கிப் போனால் ஆயில் கொதித்திருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205 டிகிரியும் 140 டிகிரியும். கொதித்தால் நீராவிக் குமிழ்கள் உண்டாகும், பெடல் அவற்றை நசுக்குவதிலேயே வீணாகும். ஆறியதும் குமிழ்கள் மறைந்துவிடும். ஆயில் எப்போது மாற்றியது என்றே நினைவில்லாத காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

ஆயில் புதிதாக இருந்தும் கொதிக்கிறதா? ஏதோ ஒரு சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி வந்தபின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் காலிப்பர் இறுகியிருக்கிறது, அல்லது ஹோஸின் உள்பக்கம் வீங்கி ஆயிலைத் திரும்பவிடாமல் அடைத்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அந்தச் சக்கரத்தின் நிப்பிளை லேசாகத் திறங்கள். உடனே சக்கரம் சுழன்றால் அடைப்பு ஹோஸிலோ அதற்கு மேலேயோ. அப்படியும் சுழலாவிட்டால் காலிப்பர்.

ஏர் எடுத்து, ஓட்டிப் பார்ப்பது

எந்த ஆயில் ஊற்றுவது என்பது டப்பா மூடியிலேயே இருக்கும். டாட் 5 சிலிக்கான் வகை, அது டாட் 3, 4, 5.1 ஆகியவற்றோடு கலக்காது. பெயரில் மயங்கி வாங்கிவிடாதீர்கள். எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லா ரப்பரும் ஊதிக் கெட்டுவிடும். பல நாள் திறந்து கிடந்த டின்னும் வேண்டாம்.

பழைய காரின் நிப்பிள் துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலைத் தெளித்து வைத்து, ஆறு முனையும் பிடிக்கும் ஸ்பேனரால் திறங்கள். தெளிந்த டியூபை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவிடுங்கள். ஒருவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழ் வருவதைப் பார்த்து, மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். மூடும் முன் காலை எடுத்தால் எடுத்த ஏர் அத்தனையும் திரும்பிப் போய்விடும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவார்கள். குறுக்குப் பாதை உள்ள கார்களுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களுக்கும் வரிசை மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் டப்பா காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். புதுப் பேட் போட்டிருந்தால் இது கட்டாயம். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொட்டுவர நாலைந்து மிதியாவது ஆகும். பிறகு ஆளில்லாத சமதளத்தில், நடக்கும் வேகத்தில், ஒரு கை ஹேண்ட் பிரேக் மேல் இருக்க, முன்னும் பின்னும் நிறுத்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் ஏர் மிச்சம் இருக்கிறது, அல்லது அங்கே ஏதோ சரியாகப் பிடிக்கவில்லை. இழுக்கவில்லை என்றால் டப்பாவில் ஆயில் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு, கழற்றிய இணைப்புகளைத் துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் கோட்டையும் இணைப்புகளையும் பார்த்த பிறகு சாலைக்கு எடுங்கள்.